இடம் சிவப்பு, வலம் பச்சை

கடை மூடப் பத்து நிமிடம்.
டீசல் வாடையோடு உள்ளே வந்து
மிதியடியில் பனியை உதறினான் லோர்ன் ஸ்விக்கர்.
நோவா ஸ்கோஷியாவின் இந்த மூலையில்
துணிக்கடைக்கு ஆண் வந்தால்
ஒன்று ஜிப் பழுதாகியிருக்கும்
அல்லது மனைவி காரில் காத்திருப்பாள்.

"சின்னதாக ஓர் ஒட்டுப்போர்வை,
தொட்டில் அளவு. நானேதான் தைப்பேன்."
யாருக்கு என்றேன்.
"என் மனைவிக்குக் குழந்தை பிறக்கப்போகிறது."
துணிச்சுருள் ஒன்றைத் தடவிக்கொண்டு
"மனைவியாக இருந்தவளுக்கு" என்றான்.
நான் அளவுகோலைத் தேடினேன்.
அது என் கையில்தான் இருந்தது.

வாத்து போட்டது, நிலா போட்டது,
எல்லாவற்றையும் மேசையில் விரித்தேன்.
முத்தாய்ப்பாக
இளஞ்சிவப்பையும் வெளிர்பச்சையையும் பக்கம்பக்கம் வைத்து
"பார், எப்படி எடுத்துக் கொடுக்கிறது!"
அவன் பார்த்தான்.
"இரண்டும் ஒன்றுதானே?"

பத்தொன்பது வயதில் ஹாலிஃபாக்ஸில்
ஓர் இருட்டறையில் உட்கார வைத்தார்களாம்.
எதிரே இரண்டு சின்ன விளக்குகள்.
கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை,
குழந்தைக்கும் தெரியும்.
எது எது என்று கேட்டார்கள்.
குருட்டாம்போக்கில் சொன்னான்.
சுக்கானைத் தொட விடவில்லை.
இருபத்திரண்டு வருடமாகப் படகுத்துறை ஃபெரியில்
தண்ணீர்மட்டத்துக்குக் கீழே, இன்ஜினோடு.
"அங்கே சத்தம் போதும்" என்றான்.

பாவம் என்று நினைத்தேன்.
நினைத்துக்கொண்டே, தைக்க வருகிறவர்களிடம்
நான் ஓயாமல் சொல்வதைச் செய்தேன்:
கண்ணை இடுக்கி
இமைமயிர் வழியாகத் துணியைப் பார்த்தேன்.
இளஞ்சிவப்பும் வெளிர்பச்சையும்
ஒரே கஞ்சியாகக் கலந்து கிடந்தன.
நான் கண்ணை இடுக்கிக் கண்டுபிடிப்பதை
இவன் கண் திறந்தபடியே பார்க்கிறான்.

பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.
வெளிச்சம், இருட்டு, நடுவில் ஒரு மேகமூட்டம்
என்று அவனே பிரித்து அடுக்கினான்.
சட்டைக்கோடு. மாவுச்சாக்கு வெள்ளை.
ஆறு வருடம் பாதி விலைக்கும் போகாத
வெங்காயம் போட்ட பழுப்பைக் கூட
"இது இல்லாமல் மற்றது தெரியாது" என்று எடுத்தான்.
முழு விலை வாங்கினேன். வெட்கமில்லை.

வியாழன் இரவுகளில் பின்னறை மெஷின் அவனுக்கு.
முதல் வரிசை நண்டு போலப் போயிற்று.
கால் அங்குலம் என்றால் கால் அங்குலம்,
நூல் பிசகினால் மூலை மூலையைத் தேடாது.
பிரித்தான், தைத்தான், திரும்பப் பிரித்தான்.
நடுவே மெஷினை நிறுத்திக் காது வைத்துக் கேட்டு
பாபின் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினான்.
ஒன்பது வருடமாக இருமிய மெஷின் அது.
அன்றிலிருந்து முனகக்கூட இல்லை.

நான்காம் வியாழன்
"ஒரு சிவப்பு, ஒரு பச்சை,
ஒவ்வொரு சதுரம் போதும்" என்றான்.
இரண்டையும் ஒரே ஆழத்தில் தேர்ந்து வெட்டி
'சி', 'ப' என்று சீட்டெழுதிக் குண்டூசி குத்தினேன்.
கல்லாவைக் கணக்குப் பார்க்கப் போனேன்.
இஸ்திரி போட ஊசிகளைக் கழற்றியிருக்கிறான்.
திரும்பி வந்தபோது
சீட்டுகள் தரையில், நூல் சுருளோடு சுருளாக.

ஓரப்பட்டி முடிந்து
மேசை மேல் போர்வையை விரித்தான்.
இடப்பக்கம் பச்சை.
வலப்பக்கம் சிவப்பு.
மாறிவிட்டது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.
தையல் பிரிக்கும் கத்தியைக் கூட எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் உறைத்தது:
துறைமுகச் சுவரில் நின்று பார்த்தால்
நம்மை நோக்கி வருகிற கப்பலுக்கு
விளக்குகள் இப்படித்தான் இருக்கும்.

தெரிந்து வைத்தானா, தவறி வைத்தானா,
கேட்கவில்லை.
பழுப்புத்தாளில் மடித்துக் கட்டினேன்.
அதைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
பனியில் இறங்கினான்.
அந்த வெங்காயத் துணியில்
இன்னும் அரை மீட்டர் இருக்கிறது.
விற்கவில்லை.